மோடம் செத்தால் யாரைக் கேட்பது?

செயற்கைக்கோள் இணையச் சேவைக்கான ஒப்பந்தங்களைப் பார்ப்பது என் வேலை. சைபர் தாக்குதல் நடந்தால் என்ன என்பது பற்றி அவற்றில் ஒரு வரி எழுதியிருக்கும். பேரம் பேசும்போது யாரும் அதைத் தொட்டதில்லை. 2022 பிப்ரவரி 24 அதை மாற்றியது.

உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு அமெரிக்க நிறுவனமான வயாசாட்டின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டது. மேலே இருந்த செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பு வழி) வழியே நிர்வாக நெட்வொர்க்குக்குள் புகுந்தவர்கள், அங்கிருந்து மோடம்களுக்குக் கட்டளை அனுப்பி ஃப்ளாஷ் மெமரியில் இருந்ததை அழித்தார்கள்; மோடம்கள் செத்தன. ஜெர்மனியில் இந்த இணைப்பை நம்பியிருந்த, எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு போனது. காற்றாலைகள் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

"விண்வெளிச் சட்டம்னு ஒன்று இருக்கே சார், அதில் நஷ்டஈடு கேட்க முடியாதா?" என்றார் எங்கள் விற்பனை மேலாளர்.

1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி, விண்பொருள் பூமியில் சேதம் செய்தால், தவறு யாருடையது என்று பார்க்காமலே ஏவிய நாடு ஈடு தர வேண்டும். 1978இல் கனடாவில் விழுந்த தன் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954க்காக சோவியத் யூனியன் 30 லட்சம் கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே வானத்திலிருந்து கதிரியக்கத் துண்டுகள் விழுந்தன. இங்கே விழுந்தது என்ன? கட்டளை செயற்கைக்கோள் வழியாகப் போனதால் அதுவே சேதம் செய்தது என்று வாதாடலாம்தான். அப்படி நஷ்டஈடு கேட்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

போட்டாலும் யார்மேல்? கேஏ-சாட் 2010 டிசம்பரில் பைகனூரிலிருந்து ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டில் போனது. ஆக, ஏவிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று! அப்போது அதன் உரிமையாளராக இருந்து ஏவச் சொன்ன யூடெல்சாட் பிரெஞ்சு நிறுவனம் என்பதால் பிரான்சையும் இழுக்கலாம். அடி வாங்கிய ஐரோப்பாவிலேயே ஒரு நாடு பிரதிவாதி.

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவு இதைவிட உருப்படியானது: ஐ.நா. சாசனம் உட்பட சர்வதேசச் சட்டம் விண்வெளி நடவடிக்கைகளுக்கும் பொருந்தும் என்கிறது. அந்த வழியில் போனால், தாக்கியது எந்த அரசு என்று காட்ட வேண்டும். 2022 மே 10 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அமெரிக்காவும் ரஷ்யாவைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டின. சரி, அதனால் வாடிக்கையாளர் கைக்குக் காசு வருமா?

அதனால் இப்போது நாங்கள் மல்லுக்கட்டுவது சின்ன விஷயத்துக்கு: மாற்று மோடம் எத்தனை நாளில், யார் செலவில்? வயாசாட்டே கிட்டத்தட்ட 30,000 மோடம்களை அனுப்ப வேண்டியிருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் சைபர் தாக்குதல் பற்றிய அந்த வரியில் 'போர் நீங்கலாக' என்று சேர்க்கப் பார்க்கிறார்கள். படை நுழைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நடந்தது போரா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் மெயில் இன்னும் வரவில்லை.