எலன் டெர்ரி பற்றிக் கேள்வி வந்தால் கணவர்களை விடுங்கள், கொட்டகையைப் பிடியுங்கள்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் விக்டோரியக் கால நாடகம் படிப்பவர்களுக்கு ஆங்கில மேடை நடிகை எலன் டெர்ரி எளிய தலைப்பாகத்தான் தெரியும். வாழ்க்கையில் சுவாரசியத்துக்குப் பஞ்சமில்லை, வினையே அதுதான். 17 வயது நிரம்புமுன் 46 வயது ஓவியர் வாட்ஸை மணந்தது, ஓராண்டுக்குள் பிரிந்தது, கட்டடக் கலைஞர் காட்வினோடு போய் இரண்டு பிள்ளைகள் பெற்றது என்று விடைத்தாளில் இரண்டு பக்கம் ஓடிவிடும். நடிப்பைப் பற்றி எழுத இடம் மிஞ்சாது. குடும்ப விவரத்துக்கு நாலு வரி போதும். 1868இல் மேடையை விட்டுப் போனதும், பணமுடையில் 1874இல் திரும்பியதும் விளங்கினால் சரி.

படிக்கும்போதே நான்கு பத்தி போட்டு ஒரு அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள்: ஆண்டு, கொட்டகை, அதை நடத்தியவர், வேடம். 1856, பிரின்சஸ், சார்ல்ஸ் கீன், சிறுவன் மமிலியஸ். 1875, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், பேங்கிராஃப்ட் தம்பதி, ‘வெனிஸ் வணிகன்’ நாயகி போர்ஷியா. 1878, கோர்ட், ஜான் ஹேர், ஒலிவியா. அதே ஆண்டு டிசம்பர் 30, லைசியம், ஹென்றி இர்விங், ஒஃபிலியா. அங்கிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் லைசியம்தான்.

அட்டவணையின் மூன்றாம் பத்தியை, அதாவது நடத்தியவர் பெயரை, விட்டுவிட்டு மனப்பாடம் செய்பவர்களே அதிகம். ஆனால் விடைக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. அன்று கொட்டகையை நடத்துபவரே தலைமை நடிகர். எந்த நாடகம் போடுவது என்று தீர்மானிப்பவரும் அவரே. நகைச்சுவை கலந்த ஷேக்ஸ்பியர் நாயகிகளுக்கென்றே பிறந்தவர் என்று பெயரெடுத்த டெர்ரி, ‘ஆஸ் யூ லைக் இட்’ நாயகி ரோசலிண்டாக ஒருமுறையும் நடிக்கவில்லை. அந்த நாடகத்தில் இர்விங்குக்கு ஏற்ற பெரிய வேடம் இல்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்த ஒரு சான்று பத்து புகழ்மொழிகளுக்குச் சமம்.

அதற்காக இர்விங்கை வில்லனாக்கிவிடவும் வேண்டாம். 1879 நவம்பரில் தொடங்கிய ‘வெனிஸ் வணிகன்’ 250 இரவுகள் ஓடியது. 1880இல் போர்ஷியா வீடு திரும்பும் ஐந்தாம் அங்கத்தை வெட்டினார்கள். இதை வைத்து டெர்ரியை ஒடுக்கியதாக எழுதினால் தப்பு. அந்த இடத்தில் சேர்த்த சிறு நாடகத்தின் நாயகியும் டெர்ரியே. போர்ஷியாவைப் பற்றி எழுதும்போது அச்சில் உள்ள நாடகத்தை மட்டும் வைத்து எழுதாமல், லைசியத்தில் எது மேடையேறியது என்று பார்த்து எழுதுங்கள்.

1888 டிசம்பர் 29இல் மேடையேறிய லேடி மக்பெத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கலாம். ஆலிஸ் காமின்ஸ் கார் வடிவமைத்த பச்சை உடையில் வண்டுச் சிறகுகளைத் தைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டியில் வளர்க்கும் பொன்வண்டை நினைத்துக்கொண்டால் போதும், அந்த மினுக்கம் பிடிபட்டுவிடும். இர்விங் விரும்பியது வாயு விளக்கு. அந்த மங்கிய வெளிச்சத்தில் உடல் அசையும்போதெல்லாம் உடை மின்னியிருக்கும். இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் அது வெறும் உடை வர்ணனையாகிவிடும். சறுக்கவைக்கும் இன்னொரு இடம், அந்த வேடத்தில் டெர்ரியை ஓவியர் சார்ஜென்ட் தீட்டிய ஓவியம். மகுடத்தைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அந்தக் காட்சி மேடையில் இல்லவே இல்லை, ஓவியரின் கற்பனை. உடைக்கு அதைச் சான்று காட்டலாம், நடிப்புக்குக் காட்டக் கூடாது.

ஆண்டுகளில் சறுக்கும் இடங்கள் மூன்று. பிறந்தது 1847, அவரே தன்வரலாற்றில் 1848 என்று எழுதியதால் பழைய நூல்களில் அதுதான் இருக்கும். ‘டேம்’ பட்டம் 1925இல் கிடைத்தது. விக்டோரியக் கால நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது பெயருக்கு முன்னால் ஒட்டாதீர்கள். பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் லேடி சிசிலியாக அவர் நடித்தது 1906இல், விக்டோரியா அரசி மறைந்து ஐந்தாண்டு கழித்து. கேள்வி விக்டோரியக் காலத்தோடு நின்றால் அதற்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

15 மதிப்பெண் கேள்விக்கு அரை மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், முதல் ஐந்து நிமிடத்தில் அட்டவணையைக் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிவிடுங்கள். எழுதி முடித்ததும் ஆண்டுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, அட்டவணையைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.