ஆற்றோரத் தெருவுக்கு ஒரு நோட்டு

குடியாத்தத்தில் கௌண்டின்யா ஆற்றுக்கு ஒரு தெரு தள்ளி எங்கள் வீடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணலும் முள்ளும் சாக்கடையும்தான், அது ஆறு என்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்தது. 2021 நவம்பரில் ஆற்றுக்கு மேலே இருக்கிற மோர்தானா அணை நிரம்பி வழிந்து கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

தண்ணீர் வருகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள், எங்களுக்கும் கேட்டது. ஆனால் பக்கவாதம் வந்து படுத்திருந்த பக்கத்துத் தெருத் தாத்தாவை யார் தூக்குவது, குழித்தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை யார் எடுப்பது, மண்சுவர் வீட்டுக்காரர்கள் எங்கே போய்ப் படுப்பது, இதையெல்லாம் மைக் சொல்லாது. அந்தத் தாத்தாவைக் கடைசியில் நாலு பையன்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அதுவும் அவருடைய மருமகள் தெருவில் நின்று கத்திய பிறகு.

அந்த மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் விழுந்து 9 பேர் செத்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். எந்தச் சுவர் ஊறியிருக்கிறது என்பது முதலில் தெரிவது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான், அதைக் கேட்டு எழுதி வைக்கிற ஏற்பாடுதான் எங்கேயும் இல்லை.

வாணியம்பாடியில் 1903 நவம்பர் 12 பாலாற்று வெள்ளத்துக்கு நினைவுத்தூண் இருக்கிறது. மேலே மைசூர் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் அது, சுமார் 200 பேரைக் கொண்டுபோனது. அன்றைக்குப் போன் இல்லை. இன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கிறது, ஆனால் மோர்தானா பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய நம்பர்கூட எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை.

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாங்கள் எப்படி வேலை செய்கிறோம்? வசூலுக்கு ஒருவர், தண்ணீர்ப் பந்தலுக்கு ஒருவர், கூட்டத்தைப் பார்க்க பையன்கள் என்று யாரும் உத்தரவு போடாமலே நடக்கிறது. அதே ஆட்களை வைத்து ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், விரிசல் விட்ட சுவர், கயிறும் டார்ச்சும் யார் வீட்டில், பள்ளிக்கூடச் சாவி யாரிடம், எல்லாம் ஒரே நோட்டில். கலெக்டர் ஆபீஸ் அவசர நம்பர் 1077 முதல் பக்கத்தில். அப்புறம் பெண்களைக் கட்டாயம் கூப்பிட வேண்டும், எந்த வீட்டில் யார் முடியாமல் படுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவுக்கு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பெயராக அந்தத் தாத்தாவை எழுதியிருக்கிறேன், பக்கத்தில் தூக்கப்போகிற நாலு பேர்.