ஓஎல்இடி டிவியில் 30 எஃப்பிஎஸ் ஏன் தத்துகிறது?

புதிதாக ஓஎல்இடி டிவி வாங்கி அதில் கேம் விளையாடுகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். அதே பிஎஸ்5, அதே கேம், பழைய எல்சிடியில் நன்றாகத்தானே ஓடியது, இதில் கேமராவைத் திருப்பினால் மட்டும் காட்சி ஏன் தத்தித் தத்தி நகர்கிறது, பேனலில் ஏதாவது கோளாறா? என் சித்தப்பா மகன் சர்வீஸ் ஆளையே வரவழைத்துவிட்டான். வந்தவர் ரிமோட்டை எடுத்து மோஷன் செட்டிங் எதையோ ஏற்றிவிட்டு "இப்ப பாருங்க சார்" என்றார். காட்சி எண்ணெய் தடவியது போல ஓடியது, ஆனால் பட்டனை அமுக்கிய பிறகு ஹீரோ குதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் குதித்தான்.

கோளாறு எதுவும் இல்லை. டிவி தன் வேலையை ரொம்பச் சரியாகச் செய்வதால் வரும் தொல்லை இது.

கணக்கைப் பார்ப்போம். 4கே திரையின் அகலம் 3840 பிக்சல். கேமராவைச் சாவகாசமாகத் திருப்புகிறீர்கள், தூரத்தில் நிற்கும் ஒரு கம்பம் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போக 2 செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். செகண்டுக்கு 1920 பிக்சல் வேகம். கேம் 30 எஃப்பிஎஸ்ஸில், அதாவது செகண்டுக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்ற வேகத்தில் ஓடினால் ஒரு ஃப்ரேம் திரையில் 33.3 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கும், அடுத்த ஃப்ரேமில் கம்பம் 64 பிக்சல் தள்ளி நிற்கும். நடுவில் எதுவும் இல்லை. 60 எஃப்பிஎஸ் என்றால் தாவல் 32 பிக்சல், 120 என்றால் 16.

இது எல்லா டிவிக்கும் பொதுவான கணக்கு. அப்புறம் எல்சிடியில் மட்டும் ஏன் கண்ணை உறுத்தவில்லை? எல்சிடியில் ஒரு பிக்சல் நிறம் மாற வேண்டுமென்றால் திரவப் படிகம் திரும்ப வேண்டும், அதற்குச் சில மில்லிசெகண்ட் பிடிக்கும், விஏ என்ற வகை எல்சிடி பேனலில் கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்குப் போவது போன்ற இருட்டு மாற்றங்களுக்கு 20 மில்லிசெகண்டுக்கு மேல்கூட ஆகலாம். அதனால் பழைய ஃப்ரேம் முழுசாகப் போவதற்குள் புதியது வந்து மேலே ஏறிக்கொள்கிறது, ஒன்று இன்னொன்றில் கரைகிறது, பள்ளம் விழுந்த ரோட்டில் மணல் கொட்டி நிரவியது மாதிரி அந்த 64 பிக்சல் தாவல் மூடிப்போகிறது. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது, ஒரு மில்லிசெகண்டுக்கும் மிகக் குறைவான நேரத்தில் மாறிவிடும். மணல் இல்லை. பள்ளம் அப்படியே தெரிகிறது. போதாததற்கு டிவி வாங்கும்போது 43 இன்ச்சிலிருந்து 55, 65 என்று போயிருப்போம், சோபாவை யாரும் பின்னால் தள்ளிப் போடுவதில்லை. அதே தாவல் கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) வெளிச்சம் வேறு சேர்ந்துகொண்டால், பளிச்சென்ற வானத்துக்கு முன்னால் மரக்கிளைகள் நகரும் காட்சியில் கண் வலிக்கிறது என்று சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கேதான் எல்லோரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிளர் (மங்கல்) வேறு, ஸ்டட்டர் (தத்தல்) வேறு. ஓஎல்இடி ஸ்டட்டரை அம்பலப்படுத்துகிறது, சரி, பிளரையாவது ஒழித்ததா என்றால் அதுவும் இல்லை. "ரெஸ்பான்ஸ் டைம் 0.1 மில்லிசெகண்ட்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அதே டிவியில், 60 எஃப்பிஎஸ் கேமில் மேப்பை வேகமாக நகர்த்திவிட்டு அதிலுள்ள ஊர்ப்பெயர்களைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாது. காரணம் பிக்சலில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. நகரும் பொருளைக் கண் தொடர்ந்து போகும், நிற்காமல் சீராகப் போகும். திரையிலிருக்கும் ஃப்ரேமோ 16.7 மில்லிசெகண்ட் ஒரே இடத்தில் நிற்கிறது. நிற்கும் படத்தின் மேல் கண் நகர்ந்தால் விழித்திரையில் படம் இழுபடும். எவ்வளவு இழுபடும் என்பதும் நேர்க்கணக்குதான், வேகத்தை ஃப்ரேம் ஒளிர்ந்து நிற்கும் நேரத்தால் பெருக்கினால் வந்துவிடும். நம் கம்பத்துக்கு 60 எஃப்பிஎஸ்ஸில் 32 பிக்சல் அகல மங்கல். பிக்சல் எவ்வளவு வேகமாக மாறினாலும் இது குறையாது. ஃப்ரேம் கண் முன்னால் நிற்கும் நேரம் குறைந்தால்தான் குறையும்.

சிஆர்டி என்ற கனத்த பெட்டி டிவியில் நகரும் காட்சி இன்றைக்கும் ஏன் புகழப்படுகிறது என்பதற்கு விடை இதுதான். எலெக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடி பாஸ்பரை அடிக்கும், அடித்த இடம் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும், அடுத்த சுற்று வரும்வரை அந்த இடம் பெரும்பாலும் இருட்டு. கண் நகரும்போது இழுபடுவதற்குத் திரையில் படமே இல்லை. பிஎஸ்1இல் டெக்கன் 3 60 எஃப்பிஎஸ்ஸில் ஓடியது, அதை நல்ல சிஆர்டியில் பார்த்தவர்களுக்கு இன்றைய 60 எஃப்பிஎஸ் ஏதோ கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் அது வெறும் பழைய நினைப்பு இல்லை, உண்மையிலேயே குறைவுதான்.

ஆனால் சிஆர்டி புராணம் பாடுகிறவர்கள் பாதியைச் சொல்வதில்லை. 60 எஃப்பிஎஸ் கேமுக்குத்தான் அந்த அழகு. 30 எஃப்பிஎஸ் கேமை 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் சிஆர்டியில் போட்டால் ஒரே ஃப்ரேம் இரண்டு முறை மின்னும், இரண்டாவது மின்னலுக்குள் கண் நகர்ந்துவிட்டிருக்கும், ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். நிண்டெண்டோ 64இல் 1998இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம் 20 எஃப்பிஎஸ், அதில் ஒரே ஃப்ரேம் மூன்று முறை மின்னும். இந்தியா, இலங்கை எல்லாம் பிஏஎல் என்ற டிவி ஒளிபரப்பு முறை, அதாவது 50 ஹெர்ட்ஸ் நாடுகள். 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய கேம்களில் பலவற்றைப் பிஏஎல்லுக்குச் சரியாக மாற்றாமல் அப்படியே இறக்கிவிட்டார்கள், அவை ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. சோனிக் முதல் பாகத்தின் பிஏஎல் பதிப்பில் பாட்டுகூட மெதுவாகத்தான் ஒலிக்கும். எனவே அந்தக் காலத்தில் எல்லாமே வெண்ணெய் மாதிரி ஓடியது என்று யாராவது சொன்னால் எந்த கேம் என்று கேளுங்கள்.

அந்த இருட்டு இடைவெளியை இன்றைய டிவியில் செயற்கையாக வைப்பதுதான் பிஎஃப்ஐ, ஃப்ரேம்களுக்கு நடுவே கறுப்பு ஃப்ரேம் சொருகுவது. பாதி நேரம் கறுப்பு என்றால் மங்கலும் பாதி, வெளிச்சமும் பாதி. எச்டிஆருக்காகப் பணம் கொடுத்து வாங்கிய டிவியில் யார் இதைப் போடுவார்கள்? 60 ஹெர்ட்ஸில் மினுக்கலும் தெரியும். 30 எஃப்பிஎஸ் கேமுக்குப் போட்டால் மேலே சொன்ன சிஆர்டி இரட்டை ஓரம் திரும்பி வந்துவிடும். 2021இல் வந்த எல்ஜி சி1இல் 120 ஹெர்ட்ஸ் பிஎஃப்ஐ இருந்தது, அடுத்த வருடம் வந்த சி2இல் அதை எடுத்துவிட்டு 60 ஹெர்ட்ஸை மட்டும் வைத்தார்கள். சி1 வைத்திருப்பவர்கள் அதை விற்க மனமில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வழி, அந்த சர்வீஸ் ஆள் செய்தது. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் டிவியே ஒரு ஃப்ரேமைக் கற்பனை செய்து நிரப்புவது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். சினிமா பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று டாம் குரூஸ் 2018இல் வீடியோவே போட்டார், அது ரசனை சம்பந்தப்பட்ட சண்டை. கேமில் சண்டை வேறு. நடுவில் ஒரு ஃப்ரேம் வரைய வேண்டுமானால் அடுத்த ஃப்ரேம் கையில் இருந்தாக வேண்டும், அதாவது வந்த ஃப்ரேமைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 30 எஃப்பிஎஸ்ஸில் அந்தக் காத்திருப்பே 33 மில்லிசெகண்ட் வரை போகும், மேலே கணக்குப் போடும் நேரம் தனி. அதனால்தான் டிலேயைக் குறைக்கும் கேம் மோட் போட்டதும் பெரும்பாலான டிவிகள் இதை அணைத்துவிடுகின்றன. கேம் மோடிலேயே குறைந்த டிலேயில் இதைச் செய்யும் வசதி சாம்சங் டிவிகளில் உண்டு, கேம் மோஷன் பிளஸ் என்று பெயர். டர்ன் பேஸ்டு ஆர்பிஜி போன்ற அவசரமில்லாத கேமுக்கு அதைக் குறைந்த அளவில் வைத்து ஆடுவதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. தூய்மைவாதிகள் திட்டினால் திட்டட்டும்.

கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்ப டிவி தன் புதுப்பிக்கும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் இருக்கிறதே, அது சரிசெய்யாதா என்று கேட்பார்கள். பூட்டி வைத்த 30 எஃப்பிஎஸ்ஸுக்கு விஆர்ஆர் ஒன்றும் செய்யாது. பிஎஸ்5க்கு அது 2022 ஏப்ரலில் வந்தது, வேலை செய்யும் எல்லை 48இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை. 60 எஃப்பிஎஸ் மோடில் ஓடும் கேம் சண்டை நடுவே 53க்கு இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். விஆர்ஆர் இல்லையென்றால் 16.7, 16.7 என்று வரும் ஃப்ரேம்களுக்கு நடுவே திடீரென்று ஒன்று 33.3 நிற்கும், விக்கல் போட்ட மாதிரி இருக்கும். பிளட்போர்ன் ஆடியவர்களுக்கு இந்த உணர்வு தெரிந்திருக்கும், சராசரி 30 எஃப்பிஎஸ்தான், ஆனால் ஃப்ரேம்கள் ஒரே சீரான இடைவெளியில் வராது. அப்படிப்பட்ட கேமை எந்த டிவியாலும் காப்பாற்ற முடியாது, ஓஎல்இடி இன்னும் காட்டிக்கொடுக்கும்.

சரி, என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்து இந்தப் பிரச்சினைக்கு இதுவரை வந்ததில் உருப்படியான தீர்வு 40 எஃப்பிஎஸ் மோட்தான். முப்பதிலிருந்து நாற்பது, பத்துதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். எஃப்பிஎஸ்ஸைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 30க்கு 33.3 மில்லிசெகண்ட், 60க்கு 16.7, இரண்டுக்கும் சரியாக நடுவில் 25. அதுதான் 40 எஃப்பிஎஸ். பாதி தூரம் வந்தாயிற்று, கிராபிக்ஸ் சிப் கூடுதலாக உழைக்க வேண்டியதோ மூன்றில் ஒரு பங்குதான். நம் கம்பத்தின் தாவல் 64இலிருந்து 48க்கு இறங்கும், பட்டன் அமுக்குவதும் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் மட்டும் இது உட்காராது, 40ஆல் 60 சீராக வகுபடாது. 120 ஹெர்ட்ஸ் டிவியில் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று சுற்று நின்றால் கணக்கு நேர். ராட்செட் அண்ட் கிளாங்க் ரிஃப்ட் அபார்ட் 2021இல் ஒரு அப்டேட்டில் இதைக் கொண்டுவந்தது, பிறகு ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், காட் ஆஃப் வார் ராக்னராக் எல்லாம் வைத்தன. படத்தின் அழகுக்குக் குவாலிட்டி மோட், வேகத்துக்குப் பெர்ஃபார்மன்ஸ் மோட் என்று இரண்டே தேர்வு கொடுத்துவிட்டுப் போகும் ஸ்டூடியோக்கள் இந்த மூன்றாவதை ஏன் எல்லா கேமிலும் வைப்பதில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

40 மோட் இல்லாத கேம் என்றால், முதலில் கேம் மெனுவில் மோஷன் பிளர் அணைந்திருக்கிறதா பாருங்கள். அதை அணைப்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது, 60இல் அணைக்கலாம், 30இல் ஓஎல்இடியில் அதைத் திரும்பப் போடுங்கள். நன்றாகச் செய்த மோஷன் பிளர் எல்சிடி தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததை வேண்டுமென்றே செய்யும். கேமரா சென்சிட்டிவிட்டியை ஓரிரு படி குறையுங்கள், தாவல் வேகத்தைப் பொறுத்ததுதானே. எச்டிஆர் இல்லாத கேமென்றால் வெளிச்சத்தையும் கொஞ்சம் இறக்கலாம். நான் பழைய எல்சிடியை இன்னும் விற்கவில்லை, நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் அதில்தான் மாட்டியிருக்கிறது. பிரெத் ஆஃப் தி வைல்ட், டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் ஆகிய செல்டா கேம்கள் அதில் 30 எஃப்பிஎஸ், அந்தப் பேனலின் மந்தம் அவற்றுக்குப் பொருத்தமாக இருக்கிறது. நிறம் வெளிறித்தான் தெரியும், பரவாயில்லை.

டிவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பெட்டியில் "மோஷன் ரேட் 120" என்பது போல எழுதியிருந்தால் அதை 120 ஹெர்ட்ஸ் என்று நம்பிவிடாதீர்கள், உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல் இருக்கலாம். கடைக்காரரைக் கேட்டால் "எல்லாம் 120தான் சார்" என்பார். மாடல் நம்பரைப் போட்டு பேனலின் உண்மையான ரெஃப்ரெஷ் ரேட் என்ன, 4கேயில் 120 ஹெர்ட்ஸ் சிக்னலை வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ போர்ட் எத்தனை, அதில் ஒன்று சவுண்ட்பாருக்குப் போய்விடுமா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் ஓடும் டெமோ வீடியோவில் இது எதுவும் தெரியாது, அங்கே பூவும் தேனீயும் ஸ்லோ மோஷனில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.