பன்றிவால் சுருளும் ஒரு கிளிஞ்ச் முடிச்சும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நியூசிலாந்தின் டோங்காரிரோ ஆற்றில், வலைக்கு ஒரு முழ தூரத்தில் வந்த ரெயின்போ டிரவுட் மீன் ஒன்று நிம்ஃபோடு (நீர்ப்பூச்சியின் இளம்பருவம்போலக் கட்டிய தூண்டில் முள்ளோடு) போய்விட்டது. முள்ளைக் கட்டும் மெல்லிய கடைசி நரம்பான டிப்பெட்டின் நுனி வெட்டுப்பட்டதுபோல நேராக இருந்திருந்தால் பாறையையோ மீனையோ குறை சொல்லியிருப்பேன். அது பன்றிவால்போலச் சுருண்டிருந்ததால், நரம்பு அறவில்லை, முடிச்சு உருவிக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நைலான் நரம்பில் என்னை ஒருபோதும் கைவிடாத இம்ப்ரூவ்டு கிளிஞ்ச்தான் அது, நுனியை நரம்பின்மேல் ஐந்து முறை சுற்றிக் கட்டும் முடிச்சு. இந்தப் பருவத்தில் நான் மாறிய ஃப்ளூரோகார்பன் நரம்பு விறைப்பானது என்பதால், ஐந்து சுற்றுகளும் வரிசையாகப் படியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன.

வீட்டில் ஒரு சாண் 5எக்ஸ் (எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெல்லியது) நரம்பின் ஒரு முனையில் கிளிஞ்சும் மறுமுனையில் டேவி முடிச்சுமாகப் பழைய முட்களைக் கட்டி, ஒன்றை ஆணியில் மாட்டி, மற்றதில் வாளியைத் தொங்கவிட்டுக் குவளை குவளையாக நீர் ஊற்றினேன். நரம்பு ஒன்றே என்பதால், முதலில் விட்டுக்கொடுக்கும் முனைதான் தோற்ற முடிச்சு. அவசரமாக, உலர்ந்தபடியே இறுக்கிய ஆறு சோதனைகளில் ஐந்தில் கிளிஞ்ச் தோற்றது. எச்சிலால் நன்றாக நனைத்து, நுனியை விட்டுவிடாமல் பிடித்தபடி, சுற்றுகள் சுருள்வில்போல அடுக்கடுக்காக அமரும்வரை மெதுவாக இழுத்த அடுத்த ஆறில் இரண்டும் மும்மூன்று வென்றன. ஆகவே என் மீனைக் கொண்டுபோனது முடிச்சின் வகையைவிட, குளிரில் விரல் மரத்துப்போய் நான் காட்டிய அவசரமே.

இருந்தும் அந்தக் குளிருக்கு டேவி வாட்டன் வடிவமைத்த முடிச்சே ஏற்றது என்று தோன்றுகிறது. சுற்றுகளே இல்லை, நரம்பும் மிகக் குறைவாகவே செலவாகிறது. தளர்வான ஒற்றை முடிச்சுக்கும் முள்ளின் கண்ணுக்கும் இடையே நுனியைத் திரும்ப நுழைக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான் இன்னும் தடுமாறுகிறேன். தவறான பக்கம் நுழைத்தால் பார்வைக்குச் சரியாகவே இருந்து, இழுத்தவுடன் அவிழ்ந்துவிடுகிறது.

இடையே மைக்ரோமீட்டரால் அளந்தபோது, 0.15 மி.மீ. இருக்க வேண்டிய 5எக்ஸ் நரம்பு 0.17 மி.மீ. காட்டியது, அதாவது சீட்டில் உள்ள 5எக்ஸைவிட 4எக்ஸ் தடிமனுக்கே அது நெருக்கம். புதுச் சுருள் வந்ததும் இதே வாளியில் டிப்பெட்டை அதற்கு முந்தைய நரம்பான லீடரோடு இணைக்கும் சர்ஜன் முடிச்சையும் பிளட் முடிச்சையும் மோதவிட எண்ணியிருக்கிறேன், டேவியை இருட்டில் கட்டப் பழகிய பிறகு.