அப்பாவுக்கும் பல் சீக்கிரம் விழுந்ததா?

ஈறு சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை, சிகரெட், வெற்றிலை பாக்கு எல்லாம் விசாரித்த பிறகு நான் கேட்கும் கேள்வி: "அப்பா அம்மாவுக்கு எந்த வயசுல பல் ஆட ஆரம்பிச்சது?"

"எங்க வீட்ல நாப்பதிலேயே எல்லாருக்கும் போயிடும் டாக்டர். பரம்பரைதானே, கிளீன் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்று சலிப்போடு சொல்பவர்கள் அதிகம். பாதி சரி, பாதி தப்பு.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை ஈறு மருத்துவம் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. எல்லார் பல்லிலும் அழுக்கும் காரையும் மண்டிக்கிடந்தன. இருந்தும் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது; 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. மற்றவர்கள் நடுவில். பரீட்சைக்காக இந்த எண்களை மனப்பாடம் செய்தேன். வைத்தியம் கிடைக்காத வாய்களை இத்தனை வருஷம் அளந்துகொண்டே இருந்திருக்கிறார்களே என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

நோயைத் தொடங்கிவைப்பது கிருமி. ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு, அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டும் நம் உடம்பின் அழற்சிக்குத்தான். அந்தச் சண்டை எவ்வளவு மூர்க்கமாக இருக்கும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 117 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2000-ல் வெளிவந்த ஆய்வு, ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு மரபே காரணம் என்றது. பின்னால் வந்த கணக்குகள் இதைவிடக் குறைவாகவே சொல்கின்றன. அதுவும் கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் பல் விழ பாதி வாய்ப்பு என்று அர்த்தமில்லை.

இதற்காக மரபணுப் பரிசோதனை கேட்டு வருகிறவர்களும் உண்டு. நான் எழுதிக்கொடுப்பதில்லை. அந்தக் காசுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஈறு இடுக்கின் ஆழத்தை அளந்துவிடலாம். இன்னொன்று, ஒரே வீட்டில் மரபணு மட்டுமா இறங்கி வருகிறது? புகையிலையும், "கிளீன் பண்ணா பல் ஆடிடும்" என்ற பயமும் சேர்ந்தே வருகின்றன.

அதனால் பெற்றோருக்கு இளவயதிலேயே பல் ஆடியிருந்தால் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்கிறேன். வலி இல்லாததால் வர யோசிப்பார்கள். வந்தால் சிலருக்கு, வெளியே பளிச்சென்ற பல்லுக்குப் பின்னால், கடைவாயில் ஈறு இடுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மூன்றுக்குள் இருக்க வேண்டியது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வேன். ஓரிரு தடவை தானாக வருவார்கள். அப்புறம் நாங்கள்தான் போன் போட்டுக் கூப்பிட வேண்டும்.