பூஞ்சைக்குப் பதில் கத்திரி வெயில்: பெரம்பூர் மாடியில் இனிப்பு ஒயின்

முதல் முறை வாங்கிய பழம் முழுவதையும் குப்பையில்தான் கொட்டினேன். பூஞ்சை பிடித்த திராட்சையில் செய்யும் சோதெர்ன் என்ற இனிப்பு ஒயினை அக்கா மகன் கொண்டுவந்தான். அதைக் குடித்ததிலிருந்து, திராட்சையைப் பூஞ்சை பிடிக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தீராத ஆசை. பிரான்சில் அது விளையும் இடத்தில், சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்கிறது. அதனால் இலையுதிர் காலத்தில் விடியலில் மூடுபனி எழும், மதியம் வெயில் அடிக்கும். பனி ஈரத்தில் போட்ரைடிஸ் பூஞ்சை பழத்தோலைத் துளைக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் பழத்துக்குள் செறியும். மதிய வெயில் வராவிட்டால் அதே பூஞ்சை பழத்தை வெறுமனே அழுக வைத்துவிடும்.

கார்த்திகை மழையில் பெரம்பூரில் ஈரத்துணி மூடி வைத்த எனக்குக் கிடைத்தது கறுப்புப் பூஞ்சையும் காடி வாடையும். அதைக் கழுவிப் பயன்படுத்த யாரும் நினைக்க வேண்டாம். என்ன பூஞ்சை என்றே தெரியாதது உடம்புக்கு ஆபத்து.

அப்புறம்தான் யோசித்தேன். தண்ணீரை வற்றவைப்பதுதானே முக்கியம்? இத்தாலியில் திராட்சையை உலர்த்தியே பாஸீதோ என்ற இனிப்பு ஒயின் செய்கிறார்கள். நமக்குக் கத்திரி வெயில் இருக்கிறது.

மே மாதம் கம்பம் பன்னீர் திராட்சை 5 கிலோ வாங்கினேன். வெடித்த பழங்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் கொசுவலை போட்டேன். மாலையில் கடல் காற்று ஈரத்தோடு வரும், அதனால் ராத்திரி உள்ளே எடுத்து ஃபேனுக்கு அடியில் வைத்தேன். ஆறு நாளில் 2.7 கிலோவாகச் சுண்டியது. 17 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு) இருந்த சாறு 31-க்கு ஏறியது. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் ஒயின் போடும் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி, "மிக்ஸியில போடாதப்பா, கொட்டை உடைஞ்சா கசக்கும்" என்றார். கையால்தான் பிசைந்தேன். சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஒயின் ஈஸ்ட் சேர்த்து, மூன்றாம் நாள் தோலை வடிகட்டினேன். வீட்டுச் சூடு ஈஸ்ட்டுக்கு ஆகாது, ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஈரச் சாக்கு சுற்றினேன். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.135-லிருந்து 1.035-க்கு இறங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்து நிறுத்தினேன். கணக்குப்படி சுமார் 13 சதவீத ஆல்கஹால், மீதிச் சர்க்கரை அப்படியே நிற்கிறது. சர்க்கரை இருக்கும்வரை ஈஸ்ட் மறுபடி விழிக்கலாம், ஆகவே மூடியை இறுக்குவதில்லை. இறுக்கி மூடி ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தால், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

கிடைத்தது ஒன்றேகால் லிட்டர். நிறம் செம்பு. போட்ரைடிஸ் தரும் தேன், ஆப்ரிகாட் வாசனை இதில் இல்லை. பன்னீர் வாசனையும் உலர் திராட்சையின் கனமும் உண்டு, கடைசியில் ஒரு நல்ல புளிப்பு. பால்கோவாவோடு குடித்தேன், ஒயின் சப்பென்றாகிவிட்டது. உப்பு முந்திரியோடுதான் அருமை.

அடுத்து மார்ச்சில் பச்சை விதையில்லாத் திராட்சை. பொன்னிறம் வருகிறதா பார்க்க வேண்டும்.