781 ஆண்டுகள் வாழ்ந்தவர்களை விருந்தாளி என்பதா?

தெற்கு ஸ்பெயினின் கிரனாடா நகரில், பேருந்து நிலையத்திலிருந்து அல்பைசின் மலைச்சரிவில் இருக்கும் விடுதிக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்கு மேல் ஆகாது என்று விடுதிக்காரர் முன்பே எழுதியிருந்தார். டாக்ஸி ஓட்டுநர் மீட்டரைப் போடாமலேயே 22 யூரோ வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கென்று ஒரு நாளைக்கு நான் ஒதுக்கியிருந்த தொகை அது. ஆனால் பணம் போனதைவிட, மலைமேல் விளக்கொளியில் நின்ற அல்ஹம்ப்ராவை, பழைய முஸ்லிம் சுல்தான்களின் அரண்மனையை, காட்டி அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: “மூர்கள் வந்தார்கள், கட்டினார்கள், போய்விட்டார்கள்.” மூர்கள் என்று அவர் சொன்னது ஒருகாலத்தில் இங்கே வாழ்ந்த முஸ்லிம்களை. முந்தைய நாள் கோர்தோபாவில், 18 யூரோ கொடுத்துச் சேர்ந்த நடைச் சுற்றுலாவில், வழிகாட்டியும் இதே கதையை மெருகேற்றி இரண்டு மணி நேரம் சொல்லியிருந்தார்.

நுழைவுச்சீட்டு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் அங்கே போக மனம் வரவில்லை.

711இல் முஸ்லிம் படைத்தலைவர் தாரிக் இப்னு ஸியாதின் படை ஜிப்ரால்டரில் கரையேறியதிலிருந்து, 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா கிறிஸ்தவ அரசர்களிடம் சரணடைந்தது வரை 781 ஆண்டுகள். அதற்குப் பின் இன்றுவரை ஓடியிருப்பது 530 ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம். அந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் அரேபியாவிலிருந்து வந்து இறங்கியவர்களும் அல்லர். மதம் மாறிய உள்ளூர்க் குடிகளின் வழிவந்தவர்கள். அவர்கள் தாமாகப் போகவும் இல்லை. சரணடைந்தபோது அவர்களுடைய மதத்துக்கும் வழக்கங்களுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட உறுதி பத்தாண்டுக்குள் மீறப்பட்டது; 1502இல் ஞானஸ்நானம் பெறு, அல்லது நாட்டைவிட்டு வெளியேறு என்ற ஆணை வந்தது; 1567இல் அரபு மொழி பேசவும் தடை விதித்தார்கள்; 1609 முதல் 1614 வரை, தலைமுறைகளாக ஞானஸ்நானம் பெற்றிருந்த அவர்களுடைய வழித்தோன்றல்களில் ஏறக்குறைய 3 இலட்சம் பேரை விரட்டினார்கள். இதற்குப் ‘போய்விட்டார்கள்’ என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

கோர்தோபாவின் மதிலோரத்தில் மெய்யியலாளர் இப்னு ருஷ்துவின் சிலை இருக்கிறது. “அரிஸ்டாட்டிலைப் பாதுகாத்து எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்” என்று வழிகாட்டி நன்றியோடுதான் சொன்னார். அந்த ‘எங்களிடம்’ என்ற சொல்தான் என்னை உறுத்தியது. 1126இல் இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்து, சட்டத்திலும் மருத்துவத்திலும் சொந்தமாக நூல்கள் எழுதிய மனிதர், கிரேக்கர்களின் கடிதத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த தபால்காரராகச் சுருங்கிப்போகிறார். மூன்று மதத்தாரும் இங்கே கைகோத்து வாழ்ந்தார்கள் என்ற இனிப்பான கதையையும் நான் ஏற்கவில்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட அல்மொஹாது முஸ்லிம் அரசர்களின் நெருக்கடியால் யூத அறிஞர் மைமோனிதஸின் குடும்பம் இந்த ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. இப்னு ருஷ்துவே 1195இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார், அவருடைய மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. எல்லா ஊர் வரலாற்றையும் போல நல்லதும் கெட்டதும் கலந்த வரலாறு இது. கனவு என்றோ படையெடுப்பு என்றோ மட்டும் சொல்லி முடிப்பதால்தான் இந்த மனிதர்கள் காணாமல் போகிறார்கள்.

கையிருப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலுக்குள், ஞாயிறு தவிர மற்ற நாள்களில், காலை 8:30 முதல் 9:30 வரை சுற்றுலாக் குழுவாக அல்லாமல் வருவோர் இலவசமாகப் போகலாம். கூட்டமே இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில், சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கிய இரட்டை வளைவுகளுக்குக் கீழே, 856 தூண்களுக்கு நடுவே நடந்ததுதான் இந்தப் பயணத்தின் உச்சம். நடுவில் சட்டென்று கூரை உயர்கிறது. 1523இல் பல தூண்களைப் பெயர்த்துவிட்டுக் கட்டத் தொடங்கிய பேராலயம் அது. 2006இல் மறைமாவட்டம் இந்த வளாகம் முழுவதையும் தன் பெயரில் பதிவுசெய்ய ஆன கட்டணம் 30 யூரோ என்று படித்திருந்தேன். டாக்ஸிக்கு 22 யூரோ கொடுத்த இரவில் அந்த எண் மறுபடி நினைவுக்கு வந்தது. முஸ்லிம்கள் இன்று இதற்குள் தொழ அனுமதி இல்லை.

பள்ளிவாசலைப் பார்த்த அன்று மதியம் ஒரு சிறு கடையில் ஒன்பது யூரோவுக்குச் சாப்பிட்டதை மறக்க முடியாது. விரல் நீளத்துக்கு நறுக்கி, மாவில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்த கத்தரிக்காய். அதன்மேல் கறுத்த கரும்புப் பாகை நூலாக ஊற்றியிருந்தார்கள். உப்பும் இனிப்பும் சூடும் சேர்ந்து நாக்கில் கரைந்தன. தென் ஸ்பெயினின் கரையோரத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அரபுகள். கத்தரிக்காய்க்கு ஸ்பானியப் பெயர் பெரென்ஹேனா. அரபு பாதின்ஜானிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைப் பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் பின்னோக்கித் தொடரும் மொழியியலாளர்கள், நம்முடைய வழுதுணங்காயை ஒட்டிய திராவிடச் சொல் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். பக்கத்து மேசையில் இருந்த முதியவருக்கு அது அவருடைய ஊர்ச் சாப்பாடு, அவ்வளவுதான். எந்த வழிகாட்டியையும்விட அந்தத் தட்டு உண்மையாக இருந்தது.

கிரனாடா போன பேருந்தில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை; மூன்று மணி நேரம் வெந்தோம்.

அல்ஹம்ப்ராவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே சீட்டு எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் வேண்டும், அதற்குள்ளே இருக்கும் நஸ்ரித் சுல்தான்களின் அரண்மனைக்குள் சீட்டில் குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். 1829இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் இங்கே தங்கிப் போய்க் கதைகள் எழுதியதிலிருந்து, மேற்கின் மனத்தில் இது பேய்களும் இளவரசிகளும் உலவும் மாளிகையாகவே இருக்கிறது. வாசலில் இருக்கும் கடைகளும் அதைத்தான் விற்கின்றன. ஆறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து தாரோ ஆற்று நீரை மலைமேல் கொண்டுவந்த வாய்க்காலைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

என் காதில் ஓடிய ஒலிவழிகாட்டி, சுவரைச் சூழ்ந்திருந்த எழுத்துகளை ‘அலங்காரம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனது. எனக்கு முன்னால் அரபு பேசும் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. எட்டு வயது இருக்கும் ஒரு பையன், சுவரைத் தொடாமல் விரலை மட்டும் நகர்த்தி, எழுத்துக் கூட்டிப் படித்தான்: “வலா காலிப...” கடைசிச் சொற்களை அவன் தந்தை எடுத்துக்கொடுத்தார்: “இல்லல்லாஹ்.” இறைவனைத் தவிர வெல்பவர் எவருமில்லை. கிரனாடா சுல்தான்களின் இந்த முழக்கம் அரண்மனை முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த கூடத்தில் அவன் யாருடைய உதவியும் இல்லாமல் முழுதாகப் படித்தான்.